நீர் நிறையாத அஸ்திவார மண்ணின் இறுகலைக் கணிதத்தில் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் சிவில் கடைசி வருட மாணவர்களுக்கும், மண் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அஸ்திவாரம் வடிவமைக்கும் இளம் பொறியாளர்களுக்கும். உதாரணங்களைப் பெரும்பாலும் கோவை, விருதுநகர், கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் மண்ணிலிருந்து எடுத்திருக்கிறேன். அங்கெல்லாம் ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள் நிற்பது நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் மண்ணில். வகுப்பில் நாம் படிப்பதோ பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் மண்ணை.

கன்சாலிடேஷன் என்றால் என்ன? டெர்சாகி என்ன சொன்னார்?

துளைகள் முழுக்கத் தண்ணீர் நிறைந்த களிமண் மேல் பாரம் ஏற்றினால், அந்தப் பாரத்தை முதலில் வாங்கிக்கொள்வது தண்ணீர்தான். பிறகு அது மெல்லக் கசிந்து வெளியேற வெளியேற, பாரம் மண் துகள்களின் மேல் இறங்குகிறது, மண் இறுகுகிறது. இஸ்தான்புல்லில் பாடம் நடத்திக்கொண்டே சோதனைகள் செய்துவந்த கார்ல் டெர்சாகி, 1923-ல் இதை ஒரே சமன்பாட்டில் எழுதினார். துளைநீர் அழுத்தம் நேரத்தோடு மாறும் வேகம், ஆழத்தில் அந்த அழுத்தத்தின் வளைவுக்கு நேர்விகிதம். அந்த விகிதம்தான் கன்சாலிடேஷன் குணகம். ஊடுருவுதிறன் அதிகமானால் கூடும், அமுங்குதிறன் அதிகமானால் குறையும்.

4 மீட்டர் தடிப்புள்ள களிமண் அடுக்கு, மேலும் கீழும் மணல், குணகம் ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் கடக்க வேண்டிய அதிகபட்ச தூரம் 2 மீட்டர். 90 சதவீத இறுகலுக்கான காலக்காரணி 0.848. அதை 2-ன் வர்க்கத்தால் பெருக்கினால் சுமார் 3.4 ஆண்டுகள். எளிமையான, அழகான கணக்கு. அடுக்கு முழுக்க நீர் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதைப் போட வேண்டும்.

அதே சமன்பாட்டை நிறையாத மண்ணுக்குப் போட்டால் என்ன கெட்டுவிடும்?

மூன்று இடத்தில் உடையும். முதலாவது, துளைக்குள் காற்றும் இருக்கிறது, காற்று அமுங்கும். துளைகள் மொத்தக் கனஅளவில் 45 சதவீதம், அந்தத் துளையில் 70 சதவீதம் தண்ணீர் என்றால், காற்று மொத்தக் கனஅளவில் 13.5 சதவீதம். இந்தக் காற்றைப் பத்தில் ஒரு பங்கு சுருக்க பாயில் விதிப்படி அழுத்தம் சுமார் 11 கிலோபாஸ்கல் ஏறினால் போதும். அதற்குள் ஒரு மீட்டர் மண் 13.5 மில்லிமீட்டர் அமுங்கிவிடும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியேறாமலே. (காற்றில் கொஞ்சம் தண்ணீரில் கரையவும் செய்யும். அறை வெப்பநிலையில் தண்ணீரின் கனஅளவில் ஏறக்குறைய 2 சதவீதம் அளவுக்கு.) பாயில் விதியையும் ஹென்றி விதியையும் (வாயு தண்ணீரில் கரைவதற்கான விதி) சேர்த்து, ரோலர் போட்டு இறுக்கிய அணை மண்ணில் துளை அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று அமெரிக்க நீர்வளத் துறையின் ஹில்ஃப் 1948-லேயே கணக்கிட்டார்.

இரண்டாவது, ஊடுருவுதிறன் ஒரு நிலையான எண் அல்ல. மண் காயக் காயத் தண்ணீர் போகும் பாதைகள் அறுந்துகொண்டே வரும். திறன் பல்லாயிரம் மடங்கு வரை விழும். டெர்சாகியின் நேர்கோட்டுச் சமன்பாடு அங்கேயே வளைந்துவிடுகிறது.

மூன்றாவதுதான் நடைமுறையில் பெரியது. நிறையாத மண்ணின் கனஅளவு மாற வெளிப்பாரம் தேவையே இல்லை. மழை பெய்தால் போதும், குழாய் கசிந்தால் போதும்.

சக்‌ஷன் என்கிறார்களே, அது எவ்வளவு பெரிய விசை?

கடற்கரையில் ஈர மணலைக் குவித்து வீடு கட்டினால் நிற்கிறது. காய்ந்த மணல் சரிகிறது, முழுக்க நனைந்த மணலும் சரிகிறது. துகள்களுக்கு நடுவே வளைந்து நிற்கும் நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தண்ணீரின் அழுத்தம் பக்கத்திலிருக்கும் காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. காற்றழுத்தத்திலிருந்து நீரழுத்தத்தைக் கழித்தால் வருவது மேட்ரிக் சக்‌ஷன்.

மணலில் இது சில கிலோபாஸ்கல்தான். களிமண்ணில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் போகும். மண் துளைக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், கெல்வின் சமன்பாட்டின்படி 20 டிகிரி வெப்பநிலையில் மொத்த சக்‌ஷன் (தண்ணீரில் கரைந்த உப்பால் வரும் பங்கையும் சேர்த்து) சுமார் 94,000 கிலோபாஸ்கல். சித்திரை மாதத்தில் கரிசல் கட்டியைச் சம்மட்டியால் அடித்தால் கல் போலத் தெறிப்பதன் காரணம் இதுதான். இரண்டு மாடி வீட்டின் பாரம் அஸ்திவாரத்தடியில் 100 கிலோபாஸ்கலைச் சுற்றித்தான் இருக்கும். மண்ணுக்குள்ளேயே ஏற்கெனவே இருக்கும் விசை நாம் ஏற்றும் பாரத்தைவிடப் பெரியது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், அப்புறம் வரும் எல்லாம் புரியும்.

பிஷப் சூத்திரத்தைப் போட்டு வேலையை முடிக்க முடியாதா?

பிஷப் 1959-ல் சொன்ன யோசனை இது: மொத்தத் தகைவிலிருந்து (ஓரலகுப் பரப்பில் வரும் விசை) காற்றழுத்தத்தைக் கழி, அதோடு சக்‌ஷனை ஒரு குணகத்தால் பெருக்கிக் கூட்டு, வருவதைப் பயனுறு தகைவாக, அதாவது மண் துகள்கள் தாங்கும் தகைவாக, வைத்துக்கொள். அந்தக் குணகம் காய்ந்த மண்ணுக்கு 0, நீர் நிறைந்த மண்ணுக்கு 1. வலிமைக் கணக்குக்கு இது நன்றாகவே உதவுகிறது.

கனஅளவுக்கு வந்தால் சிக்கல். மண் நனைந்தால் சக்‌ஷன் குறையும், அதனால் பயனுறு தகைவு குறையும், அதனால் மண் உப்ப வேண்டும். சூத்திரம் அப்படித்தான் சொல்லும். ஆனால் வீட்டு பேஸ்மென்ட்டுக்குள் மண் கொட்டும்போது கொத்தனார் என்ன செய்கிறார் பாருங்கள். ஒவ்வொரு அடுக்காகக் கொட்டி, வரப்பு போட்டுத் தண்ணீர் கட்டிவிடுகிறார். மறுநாள் பார்த்தால் மண் விரற்கடைக் கணக்கில் இறங்கி, சுவரோரம் கோடு தெரியும். அப்புறம்தான் திம்மிசு. தளர்வாகக் கிடக்கும் மண்ணில் சக்‌ஷன்தான் துகள்களைப் பிடித்து நிறுத்தியிருந்தது. அது போனதும் அமைப்பு சரிந்து உட்கார்ந்துவிடுகிறது. பாரம் கூடவில்லை, பயனுறு தகைவு குறைந்திருக்கிறது, ஆனாலும் மண் இறங்குகிறது. ஜென்னிங்ஸும் பர்லாண்டும் 1962-ல் பிஷப் சூத்திரத்துக்கு எதிராக வைத்த வாதம் இதேதான்.

பெரிய அளவில் இதைப் பார்க்க வேண்டுமானால் கலிபோர்னியா. சான் வாகீன் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்து வறண்ட வண்டல், பாசன நீர் பட்டதும் மீட்டர் கணக்கில் அமுங்கியது. அதன் வழியாகக் கலிபோர்னியா கால்வாயை வெட்டுவதற்கு முன்பே, பாதை நெடுகக் குளங்கள் கட்டி நீர் தேக்கி, மண்ணை இறக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். நம் ஊர்க் கொத்தனார் செய்வதும் அதே வேலைதான்.

அப்படியானால் எந்தத் தகைவை வைத்து மாடல் எழுதுவது?

ஒன்றல்ல, இரண்டு. காற்றழுத்தம் கழித்த நிகரத் தகைவு ஒன்று, சக்‌ஷன் இன்னொன்று. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் திணிக்காமல் தனித்தனி மாறிகளாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஃபிரெட்லண்டும் மார்கன்ஸ்டர்னும் 1977-ல் நிறுவினார்கள். பாரம் கூடினால் மண் எவ்வளவு சுருங்கும் என்பதற்கு ஒரு குணகம், சக்‌ஷன் மாறினால் எவ்வளவு மாறும் என்பதற்கு வேறொரு குணகம்.

மாடலில் மொத்தம் எத்தனை சமன்பாடு?

முழு வடிவத்தில் மூன்று: தண்ணீரின் நிறைச் சமநிலை, காற்றின் நிறைச் சமநிலை, மண்ணின் விசைச் சமநிலை.

தண்ணீருக்கு டார்சி விதி (அழுத்த வேறுபாட்டுக்கு ஏற்ப ஓட்டம்); நிறையாத மண்ணில் அதன் வடிவம் ரிச்சர்ட்ஸ் 1931-ல் எழுதியது. காற்றுக்கும் அழுத்த வேறுபாட்டால் ஓடும் ஓட்டம்தான், ஆனால் அடர்த்தியும் அழுத்தத்தோடு மாறும். விசைச் சமநிலைக்கு அடிப்படை பியோ 1941-ல் எழுதிய முப்பரிமாணக் கொள்கை. அதில் சக்‌ஷனால் வரும் கனஅளவு மாற்றத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறோம்.

ஒரே திசையில் மட்டும் நடக்கும் இறுகலுக்கு ஃபிரெட்லண்டும் ஹசனும் 1979-ல் கொடுத்த வடிவம்தான் கற்றுக்கொள்ள நல்லது. அதில் இரண்டே சமன்பாடு. நீரழுத்தம் மாறும் வேகம், நீருக்கான கன்சாலிடேஷன் குணகத்தைப் பெருக்கிய அதன் ஆழ வளைவோடு சேர்ந்து, காற்றழுத்தம் மாறும் வேகத்தையும் சார்ந்திருக்கும். காற்றுக்கும் அப்படியே ஒன்று, நீரழுத்தத்தைச் சார்ந்து. ஒன்றை விட்டு இன்னொன்றைத் தீர்க்க முடியாது. மண் முழுக்க நனைந்தால் காற்றுச் சமன்பாடு மறைந்து, எஞ்சுவது டெர்சாகி சமன்பாடு. நீங்கள் எழுதும் நிரலுக்கு முதல் சோதனையும் அதுதான்: நிறைவு அளவை (துளையில் தண்ணீரின் பங்கு) 1 என்று கொடுத்தால் பழைய 0.848 திரும்ப வருகிறதா?

காற்றுக்குத் தனிச் சமன்பாடு உண்மையிலேயே வேண்டுமா?

சாதாரண வீட்டு அஸ்திவாரத்துக்குப் பெரும்பாலும் வேண்டாம். காற்றுப் பாதைகள் தொடர்ச்சியாக இருக்கும்வரை அது வேகமாக வெளியேறிவிடும், அழுத்தத்தை வளிமண்டல அளவில் நிறுத்திவிட்டு நீரை மட்டும் தீர்க்கலாம். நிறைவு அளவு ஏறக்குறைய 85, 90 சதவீதம் தாண்டினால் காற்று தனித்தனிக் குமிழாக அடைபட்டு, தண்ணீரோடுதான் நகரும்; அப்போதும் தனிச் சமன்பாடு தேவையில்லை, தண்ணீரை அமுங்கக்கூடிய திரவமாக வைத்துக்கொண்டால் போதும். வேகமாக உயரும் அணைக்கரையிலும், பெரிய பரப்பில் தண்ணீர் திடீரெனத் தேங்கும் இடத்திலும் மட்டும் காற்றைத் தனியாகப் பாருங்கள். காய்ந்த வயலில் மடை திறந்ததும் குபுகுபுவென்று குமிழி வருவது, வழியில்லாமல் மாட்டிக்கொண்ட அந்தக் காற்றுதான்.

எந்தப் பண்புகளை அளக்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் மேலே, மண்ணின் நீர்-சக்‌ஷன் வளைகோடு. எந்த சக்‌ஷனில் எவ்வளவு தண்ணீர் மண்ணில் தங்கும் என்பது. வான் கெனுக்டென் 1980-ல் கொடுத்த சூத்திரத்தில் இதைப் பொருத்தினால், அதே அளவைகளை வைத்து ஊடுருவுதிறனையும் மதிப்பிடலாம். காயும்போது ஒரு வளைகோடு, நனையும்போது வேறொன்று. மழைக்காலக் கணக்குக்குக் காயும் வளைகோட்டைப் போடுவது சர்வசாதாரணமாக நடக்கும் பிழை.

அளக்க விலையுயர்ந்த கருவி இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். வாட்மேன் 42 வடிதாள் இருந்தால் போதும். கலையாத சாம்பிளை இரண்டாக அறுத்து, நடுவில் மூன்று தாள் வைத்து, அளக்கப்போகும் தாளை நடுவில் போட்டு, மெழுகுத் தாளால் சுற்றி டப்பாவில் அடைத்து, வெப்பநிலை மாறாத இடத்தில் குறைந்தது 7 நாள் விட வேண்டும். பிறகு நடுத்தாளின் எடையை 0.0001 கிராம் துல்லியத்தில் பார்க்க வேண்டும். தாளைக் கையால் தொடவே கூடாது, இடுக்கிதான். டப்பாவிலிருந்து தராசுக்குப் போக அரை நிமிடம் ஆனாலே தாள் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிவிடும் அல்லது விட்டுவிடும். பக்கத்தில் ஒருவர் மூடியைத் திறந்து தயாராக நிற்பது நல்லது. சக்‌ஷனை நேரடியாக அளக்கும் டென்சியோமீட்டர் உடனடி விடை தரும், ஆனால் சாதாரண வகை 80, 90 கிலோபாஸ்கலுக்கு மேல் போகாது. உள்ளிருக்கும் தண்ணீர் குமிழ்விட்டு அறுந்துவிடும். கோடைக் கரிசலுக்கு அது எட்டாது.

அமுங்குதிறனுக்கு ஓடோமீட்டர், அதாவது சாம்பிளை வளையத்துக்குள் வைத்து மேலிருந்து பாரம் ஏற்றி அமுங்குவதை அளக்கும் கருவி. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வழக்கமாக லேபில் சாம்பிளைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுத்தான் பாரம் ஏற்றுகிறார்கள். ஊறிய நொடியே சக்‌ஷன் போய்விட்டது. அறிக்கையில் வரும் எண் நிறைந்த மண்ணுக்கானது. ஜென்னிங்ஸும் நைட்டும் 1957-ல் சொன்ன இரட்டை ஓடோமீட்டர் முறையைக் கேளுங்கள்: ஒரே இடத்துச் சாம்பிள் இரண்டு, ஒன்றை இயல்பு ஈரத்தில், இன்னொன்றை ஊறவைத்து. இரண்டு வளைகோட்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், நனைந்தால் மண் உப்புமா, சரியுமா, எவ்வளவு என்பதை நேராகக் காட்டிவிடும்.

எல்லை நிபந்தனை எதைக் கொடுப்பது?

என் அனுபவத்தில் மாடலின் விடையைத் தீர்மானிப்பது சமன்பாடு அல்ல, இதுதான். டெர்சாகி கணக்கில் எல்லை என்றால் 'வடியும், வடியாது' என்ற இரண்டே வகை. நிறையாத மண்ணில் மேல் எல்லை என்பது வானிலை.

தரையின் மேல் மழை விழுகிறது. மண் உறிஞ்சும் வேகத்தைவிட மழை குறைவாக இருக்கும்வரை எல்லை என்பது 'இவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது'. அதைத் தாண்டினால் மேலே தேங்கும், எல்லை 'அழுத்தம் பூஜ்யம்' என்று மாற வேண்டும். மழை நின்றால் ஆவியாதல், அதுவும் மேல்மண் காயக் காயக் குறையும். இந்த மூன்றுக்கும் இடையே நிரல் தானாக மாறிக்கொள்ள வேண்டும். மாத சராசரி மழையைக் கொடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இரண்டு நாளில் கொட்டித் தீர்ப்பதை முப்பது நாளுக்குப் பரப்பினால், கணக்கில் எல்லாத் தண்ணீரும் அமைதியாக உள்ளே இறங்கிவிடும். தினசரி மழையாவது வேண்டும்.

வீடு வந்தபின் எல்லையே மாறுகிறது. தரைத்தளம் ஆவியாதலை மறைத்துவிடுவதால், நடுவில் ஈரம் பல ஆண்டுகளாக மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். ஓரமோ ஒவ்வொரு மழைக்கும் உப்பி ஒவ்வொரு கோடைக்கும் சுருங்கும். நடுத்தளம் மேடாகி, ஓரச் சுவரில் சாய்ந்த வெடிப்பு வருவது இதனால்தான். பாரத்தை மட்டும் வைத்துப் போட்ட மாடலில் இது எந்தக் காலத்திலும் வராது. ஓரத்தில் வேப்பமரம் இருக்கிறதா, குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது, சோக் பிட் எத்தனை அடி தள்ளி, கூரைத் தண்ணீர் சுவரோரமே விழுகிறதா, இதெல்லாம் எல்லை நிபந்தனைதான்.

தொடக்க நிபந்தனையும் அப்படியே. போர் போட்டது மே மாதமா டிசம்பரா என்று அறிக்கையில் பாருங்கள். அதே மண், அதே ஆழம், அந்த இரண்டு மாதங்களுக்கும் இடையே சக்‌ஷன் பத்து மடங்கு வேறுபடலாம். சாம்பிள் எடுத்த தேதி இல்லாத அறிக்கையை வைத்து மாடல் தொடங்காதீர்கள்.

கையால் போடக்கூடிய கணக்கு ஒன்று சொல்லுங்கள்.

சரி. தரைத்தளத்தின் கீழ் 1.5 மீட்டர் கரிசல். கலையாத சாம்பிளின் உப்பல் அழுத்தம் (நனையும்போது உப்பாமல் தடுக்கத் தேவையான அழுத்தம்), திருத்தத்துக்குப் பின், 300 கிலோபாஸ்கல். உப்பல் குறியெண் 0.08, வெற்றிட விகிதம் (துளைக் கனஅளவைத் துகள் கனஅளவால் வகுத்தது) 0.9. மண் முழுக்க நனைந்தபின், அடுக்கின் நடுவில் மண்ணின் சொந்தப் பாரமும் தளத்தின் பாரமும் சேர்ந்து 30 கிலோபாஸ்கல். 300-ஐ 30-ஆல் வகுத்தால் 10, அதன் மடக்கை 1. உப்பல் = 0.08 × 1500 ÷ 1.9 × 1, அதாவது 63 மில்லிமீட்டர். இரண்டரை அங்குலம், அதுவும் மேல்நோக்கி. இது இறுதி அளவு மட்டுமே. எத்தனை ஆண்டில், எந்த மூலையில் முதலில் என்பதற்குத்தான் முழு மாடல்.

பார்சிலோனா மாடல் எப்போது தேவை?

நனையும்போது ஒரே மண் குறைந்த பாரத்தில் உப்புவதையும் அதிகப் பாரத்தில் சரிவதையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றால். அலோன்சோ, ஜென்ஸ், ஜோசா மூவரும் 1990-ல் வெளியிட்டது. சக்‌ஷன் கூடக்கூட மண் சரியாமல் தாங்கும் எல்லையும் கூடும் என்பதே மையக் கருத்து. நனைந்ததும் அந்த எல்லை சுருங்கி, இருக்கும் பாரமே எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. கொட்டி இறுக்கிய மண்ணுக்கு நன்றாகப் பொருந்தும். கரிசல் போன்ற அதிகம் உப்பும் களிமண்ணுக்கு அடிப்படை வடிவம் போதாது, அதற்கான நீட்சிகள் வேண்டும்.

கணினியில் தீர்க்கும்போது எங்கே மாட்டிக்கொள்வோம்?

காய்ந்த மண்ணுக்குள் ஈரமுகம், அதாவது ஈரம் முன்னேறும் எல்லை, நுழையும் இடத்தில். அங்கே சில சென்டிமீட்டருக்குள் சக்‌ஷன் ஆயிரம் மடங்கு மாறும். கட்டங்கள் அகலமாக இருந்தால் விடை ஊசலாடும் அல்லது குவியவே குவியாது. மேல் அரை மீட்டருக்கு 1, 2 சென்டிமீட்டர் கட்டங்கள் போடுங்கள், காலப்படியை நிரலே கூட்டிக் குறைக்க விடுங்கள். ரிச்சர்ட்ஸ் சமன்பாட்டை அழுத்தத்தை மட்டும் வைத்து எழுதினால் தண்ணீரின் கணக்கு கசியும். ஈரத்தையும் அழுத்தத்தையும் கலந்து எழுதும் வடிவத்தை செலியாவும் சகாக்களும் 1990-ல் காட்டினார்கள், அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் உள்ளே வந்த நீர், வெளியே போன நீர், தங்கிய நீர் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறக்க அளவைப் பார்க்க வேண்டும்.

நீரோட்டம் மட்டும் பழக, இலவசமாகக் கிடைக்கும் ஹைட்ரஸ் 1டி போதும். உருமாற்றத்தோடு சேர்த்துத் தீர்க்க பார்சிலோனாவில் உள்ள கட்டலோனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான கோட் பிரைட், அல்லது பிளாக்சிஸ்.

கோடையில் கரிசல் வெடிக்கிறதே, மாடலில் அது வருமா?

வராது, இந்தச் சமன்பாடுகளில் வராது. அவை மண்ணைத் தொடர்ச்சியான பொருளாக எடுத்துக்கொள்கின்றன. கை நுழையும் அகலத்துக்கு வெடித்த நிலத்தில் முதல் மழை, மேலிருந்து மெல்ல ஊறாமல் நேராக வெடிப்பின் அடிக்கே போய், பக்கவாட்டில் நனைக்கத் தொடங்கும். இரட்டைத் துளை மாடல்கள் இதற்கென்றே இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கான அளவைகளை ஒரு வீட்டு வேலைக்காக அளப்பது நடக்காத காரியம். நடைமுறையில் இரண்டு ஓட்டம் போடுங்கள்: வெடிப்பு இல்லாத மண்ணாக ஒன்று, வெடிப்பு ஆழம் வரை ஊடுருவுதிறனை நூறு மடங்கு கூட்டி ஒன்று. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். இரண்டுக்கும் தாங்கும்படி அஸ்திவாரத்தை வடிவமையுங்கள்.

அண்டர் ரீம்டு பைல் போட்டுவிட்டால் இதெல்லாம் எதற்கு?

ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை அது (அடியில் குமிழ் போல அகன்ற கான்கிரீட் பைல்), நல்ல முறை. ஈரம் மாறும் மேல் அடுக்கைத் தாண்டி, மாறாத மண்ணில் அடிக்குமிழை ஊன்றிவிடுகிறது. ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர் நீளம் வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. ஆனால் அது குறைந்தபட்சம்தான். உங்கள் மனையில் ஈரம் எத்தனை ஆழம் வரை மாறுகிறது என்று சொல்ல மாடல் வேண்டும், அல்லது வெவ்வேறு மாதங்களில் எடுத்த ஈர அளவீடு வேண்டும்.

பைல் தாங்குவது தூண்களையும் சுவர்களையும் மட்டும். தரைத்தளம், படிக்கட்டு, சுற்றுச்சுவர், செப்டிக் டேங்க் எல்லாம் மேல்மண்ணில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிளிந்த் பீமுக்கு அடியில் இடைவெளி விடாமல் மண்ணை ஒட்டியே கான்கிரீட் போட்டால், உப்பும் மண் பீமையே தூக்கும். கழிவுநீர்க் குழாய்தான் முதலில் போகும்: வீட்டுப் பக்கம் பைலோடு அசையாமல் நிற்க, மண்ணில் புதைந்த பக்கம் ஏறி இறங்கினால், சுவரைத் தாண்டும் இடத்தில் இணைப்பு விட்டுப்போகும். அந்தக் கசிவு அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே ஆண்டு முழுக்க மண்ணை நனைக்கும், யாருக்கும் தெரியாது. சுவர் வழியே குழாய் போகும் இடத்தில் பெரிய ஸ்லீவ் வைத்து, வெளியே வளையக்கூடிய இணைப்பு போடச் சொல்லுங்கள். அது எத்தனை மில்லிமீட்டர் அசைவைத் தாங்க வேண்டும் என்பதை மேலே போட்ட உப்பல் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.